சீமை எலிக்குப் பத்தியம்

எங்கள் வீட்டில் ஒரு சீமை எலி இருந்தது. கினிப்பன்றி என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அதுதான். எலியும் இல்லை, பன்றியும் இல்லை. வால் கிடையாது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக நீளம், முதுகெல்லாம் பழுப்பும் கறுப்புமாகத் திட்டு, நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு. அது செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு எலிக்காகவா இந்தக் கிழவி உட்கார்ந்து எழுதுகிறாள் என்று யாருக்காவது தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும். அது எதனால் செத்தது என்று எங்கள் வீட்டில் ஒரு தப்பான பேச்சு நிலைத்துப்போயிற்று. அதை நிலைக்க வைத்தவள் நான்.

வில்லியனூரிலிருந்து மேற்கே நாலு மைல் உள்ளே போனால் எங்கள் ஊர். சுற்றிலும் கரும்பும் நெல்லும்தான். நடுவில் மாதா கோயில், கோயிலைச் சுற்றி வேதக்காரர்கள் நாங்கள் முப்பது நாற்பது வீடு. அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயசு, கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அண்ணன்கள் இரண்டு பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு டவுனுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா காலையில் கழனிக்குப் போவார், வருவார், போட்டதைச் சாப்பிடுவார், வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

என் வாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூக்குக்கு மேலே கோபம். ஆனால் கை சுத்தம், எடுத்த காரியத்தில் ஒழுங்கு. அதிலும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று எனக்கு நினைப்பு. ஊருக்கும் அதே நினைப்புதான். காமாலையா, அம்மையா, பிள்ளை பெற்றவளா, பத்தியம் கேட்க என்னிடம்தான் வருவார்கள். எது ஆகும், எது ஆகாது, எத்தனை நாள், எல்லாம் எனக்கு விரல் நுனியில். சொன்ன பத்தியத்தை மீறிய வீட்டுப் படியை மறுபடி மிதிக்க மாட்டேன்.

சீமை எலி எதிர் வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர். பட்டாளத்துக்காரனுக்குப் பிரெஞ்சில் சொல்தா, அதனால் சொல்தா வூடு என்றால்தான் ஊரில் தெரியும். அவருடைய மகள் டவுனில் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவள் யாரோ கொடுத்தாள் என்று இதைத் தூக்கி வந்து ஒரு வருஷம் வளர்த்தாள். பிறகு குடும்பமே பிரான்சுக்குக் கிளம்பிவிட்டது. கிளம்புகிற அன்றைக்கு அந்தப் பெண் பெட்டியோடு அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தினமும் பச்சையாக ஏதாவது போடுங்கள் அக்கா, புல்லோ தழையோ ஏதாவது, என்று மட்டும் சொன்னாள். எனக்கே சொல்லித்தர வந்துட்டியா, போடி, என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

வந்த புதிதில் ஒரு வாரம் பெட்டி மூலையில் வைக்கோலுக்குள் புதைந்து கிடந்தது. அதன்மேல் எனக்கும் பெரிய ஆசை ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாளோ என்னவோ, அருகம்புல்லை அறுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக வருகிறேன், என் செருப்புச் சத்தம் கேட்டதுதான் தாமதம், வீக் வீக் என்று விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து தினமும் அதே கூத்துதான். அப்பாவின் செருப்புக்கு அடிக்காது, என் செருப்புக்கு மட்டும்தான். மடியில் போட்டுக் காதுக்குப் பின்னால் தடவினால் உள்ளுக்குள்ளே குர்ரென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு கிடக்கும். சந்தோஷம் தாங்காவிட்டால் நின்ற இடத்திலேயே நாலு காலையும் தூக்கி ஒரு குதி குதிக்கும்.

நான் உள்ளே நுழைந்தால் பேச்சை நிறுத்துகிறவர்களைத்தான் அதுவரைக்கும் பார்த்திருந்தேன். என்னைக் கண்டு சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்ட ஜீவன் அது ஒன்றுதான். பெற்ற பிள்ளை மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பெற்றிருந்தால்தானே தெரியும். அது எனக்கு உயிர். இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டபாடில்லை. வரப்பெல்லாம் தண்ணீர். நனைந்த புல்லைத்தான் அறுத்துப் போட வேண்டியிருந்தது. எலிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பின்பக்கமெல்லாம் ஈரமாகி ஈ மொய்த்தது. அன்றைக்கே பத்தியம் போட்டுவிட்டேன். பச்சை ஆகாது. புல், தழை, கீரை, காய் எல்லாம் நிறுத்தம். வறுத்த தவிடு, புழுங்கலரிசிக் கஞ்சித் தெளிவு, காய்ந்த ரொட்டி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அவ்வளவுதான். அந்தப் பெண் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. நன்றாக இருக்கும்போது தின்பது வேறு, நோவில் தின்பது வேறு, சின்னப் பெண்ணுக்கு அதெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்தேன்.

நாலே நாளில் வயிறு நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா என்று அப்பாவிடம் நாலு தடவை சொல்லிக்காட்டினேன். மழை விடுகிற வரைக்கும் பத்தியம் இருக்கட்டும் என்று தொடர்ந்தேன். இரண்டு வாரம் போயிருக்கும், குதிப்பதை நிறுத்திவிட்டது. விசில் சன்னமாகி, பிறகு இல்லாமலே போனது. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நகர்ந்தது. தொட்டுப் பார்த்தேன், முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. குளிர்ச்சியில் வாதம் இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ரொட்டியையும் நிறுத்தி, பத்தியத்தை இன்னும் இறுக்கினேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் காலையும் சாயங்காலமும் முட்டியில் அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கத்தும். வலிக்கத்தான் செய்யும் கண்ணு, பொறுத்துக்கோ, வாதம் விலகுது, என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். அந்த நாட்களில் நானும் ஒழுங்காகச் சோறு தின்னவில்லை, அது வேறு விஷயம்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அது பச்சைக்கு ஏங்குதுமா," என்றார். உனுக்கு இன்னா தெரியும், கரும்புக்குத் தண்ணி கட்டுறதோட நிறுத்திக்க, என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். 

ஞாயிற்றுக்கிழமை. அப்பா கால் வலி என்று பூசைக்கு வரவில்லை. நான் பூசை முடிந்து தூறலில் வந்து உள்ளே நுழைந்தால், அப்பா பெட்டி முன்னால் குந்திக்கொண்டிருக்கிறார். கையில் கொத்தமல்லித் தழை. எழுந்து நிற்க முடியாத அந்த ஜீவன் கழுத்தை எட்டி எட்டி அவர் விரலிலிருந்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அத்தனை நாளில் அது அப்படித் தின்று நான் பார்க்கவே இல்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்கிற எண்ணம்தான் வந்தது. தழையைப் பிடுங்கி வெளியே வீசினேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். நேற்றும் கொஞ்சம் கொடுத்தேன், தின்ற பிறகு தலையைத் தூக்குகிறது என்று அவர் ஏதோ சொல்ல வந்தார். சொல்ல விடவில்லை. இனிமேல் பெட்டிப் பக்கம் போனால் இந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டேன் என்றேன். எழுபது வயசு மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் பெட்டிப் பக்கம் போகவே இல்லை.

ஆறாம் நாள் காலையில் கஞ்சித் தெளிவு எடுத்துக்கொண்டு போனேன். ஒருக்களித்துக் கிடந்தது. வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். காதுக்குப் பின்னால் தடவினேன். இரண்டு தடவை வாயைத் திறந்து மூச்சு இழுத்தது. மூன்றாவது தடவை இழுக்கவில்லை.

அப்பா கழனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வந்து வாசற்படியில் நின்றார். நான் அவரைப் பார்த்து, "நீ குடுத்த தழதாம்பா கொன்னுடுச்சு," என்றேன். கத்தவில்லை. அழுதுகொண்டே மெதுவாகத்தான் சொன்னேன். கத்தியிருந்தால் வழக்கமான கத்தல் என்று விட்டிருப்பார். மெதுவாகச் சொன்னதால் நம்பிவிட்டார்.

கொல்லையில் அவர்தான் குழி வெட்டினார். மழையில் மண் சேறாகக் குழைந்து கிடந்தது. வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறியது. என் பழைய புடவைத் துண்டில் சுற்றி வைத்தோம். மண்ணைத் தள்ளி மூடிய பிறகு இரண்டு குச்சியைக் கட்டி ஒரு சிலுவை மாதிரி நட்டார். எலிக்குச் சிலுவையா, ஊர் சிரிக்கும், என்று பிடுங்கிப் போட்டேன்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், மாதா திருநாள் சமயம், எதிர் வீட்டுப் பெண் லீவுக்கு வந்தாள். வந்ததும் நேரே என்னிடம் வந்து எலி எங்கே என்றாள். அப்பா கழனியில் இருந்தார். நான் நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். வயிற்றால் போனது, பத்தியம், வாதம், எண்ணெய், எதையும் விடவில்லை. எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். பச்சையே கொடுக்கவில்லையா அக்கா, எத்தனை நாள், என்று கேட்டாள். ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் குறைச்சல் என்றேன்.

அங்கே மாட்டு டாக்டர் மாதிரி ஒருவர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். இந்த ஜீவனுக்கு மனுஷனைப் போலத்தான், பச்சையில் இருக்கிற சத்து உடம்பில் தானாக ஊறாதாம். தினமும் வாய்வழியாகப் போக வேண்டுமாம். இரண்டு மூன்று வாரம் போகாவிட்டால் மூட்டுக்குள்ளே ரத்தம் கசிந்து வீங்கும், ஈறில் ரத்தம் வரும், தொட்டாலே வலிக்கும் என்றாள். முதல் நாலு நாள் புல்லை நிறுத்தியது தப்பில்லை, அதற்கப்புறம்தான், என்று இழுத்தாள். பிறகு சொன்னாள்: "எலுமிச்சம்பழம் பிழிஞ்சி நாலு சொட்டு வுட்டிருந்தாகூடப் பிழைச்சிருக்கும்க்கா. உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்."

எங்கள் கொல்லையில் எலுமிச்சை மரம் இருந்தது. தெருவுக்கே ஊறுகாய்க்கு நான்தான் பழம் கொடுப்பேன். நாங்கள் குழி வெட்டியதும் அதற்குப் பக்கத்தில்தான். அவள் போன பிறகு என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கையால்தானே அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். வலிக்கிறது விட்டுவிடு என்று அது எனக்கும் தெரிந்த ஒரே பாஷையில் கத்தியதே, பாவி, நான் கேட்டேனா?

சாயங்காலம் அப்பா வந்தார். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தேன். முடித்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் யாரோ மருமகளுக்குப் பத்தியம் கேட்டு வந்தார்கள், வழக்கம்போலச் சொல்லி அனுப்பினேன். அப்பாவுக்கு முன்னாலேயேதான் சொன்னேன். அதற்கப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? இப்படியே இரண்டு வருஷம் தள்ளினேன். நாக்கு நுனி வரைக்கும் வரும், உள்ளே போய்விடும்.

அவர் என்னவோ மாறிப்போயிருந்தார். எந்த ஜீவனுக்கும் அவர் கையால் எதையும் போடுவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், அதோடு சரி. அண்ணன் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் வேட்டி மடியில் கட்டிவந்த கடலை மிட்டாயை என்னிடம் நீட்டி, "இத குடுக்கலாமாம்மா?" என்று கேட்பார். குடேன்பா என்பேன். இல்லை, நீயே குடு, என்பார். ஒவ்வொரு தடவையும் நானே வாங்கிக் கொடுப்பேன்.

அந்த இரண்டாவது வருஷம் மார்கழியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பத்தியம் எதுவும் போடவில்லை. தயிர் கேட்டார், கொடுத்தேன். பழம் கேட்டார், கொடுத்தேன். அதிசயமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அண்ணன்கள் டவுனிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். மாதா கோயில் சாமியாருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வந்ததும் நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். அப்பா தன் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார்.

நான் உள்ளே போனேன். அப்பா நெற்றியில் பூசிய எண்ணெய் ஈரமாகவே இருந்தது. பக்கத்தில் வரச்சொல்லிக் கையைக் காட்டினார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது. "அந்த வாயில்லா ஜீவனுக்கு நான் தழ குடுத்திருக்கக் கூடாதுமா. நீ அத்தன சொல்லியும் குடுத்தேன். சாமியார்கிட்ட சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லிட்டா மனசு ஆறும்."

சொல்ல வேண்டியது எல்லாம் என் வாயில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நீ கொடுத்ததுதான் அதற்கு மருந்து, நான்தான் கொன்றேன் என்று ஒரு வாக்கியம். அண்ணன்கள் வாசலில் நின்றிருந்தார்கள், அண்ணிகள் நின்றிருந்தார்கள், தெருவே நின்றிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா, போனது போவட்டும். நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நல்லதுமா என்றார். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டார், மகள் மன்னித்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு.