பீரோவுக்குள் ஒன்பது சதவீதம்

மேலாளர் குமரகுருவின் குரலைக் கேட்டாலே கலைவாணிக்குக் குமட்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கும்தான்.

ஏனாத்தூரில் எங்கள் அலுவலகம் என்பது ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. தறி வீடுகளுக்கு இணைய இணைப்புக்காக சிம் போட்ட டேட்டா பெட்டி கொடுக்கிறோம். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, எந்தப் பெட்டி இணைப்பில் இருக்கிறது, சிக்னல் எத்தனை சதவீதம் என்று கண்காணிப்பது கலைவாணியின் வேலை. மௌஸைத் தொடமாட்டாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "எனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும், சமைக்கத் தெரியாது" என்று சொல்லி அனுப்பியவள்.

புதன்கிழமை பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவுக்காரர் பொன்னி போன் செய்தார். "வெள்ளிக்கிழம சிங்கப்பூர்காரங்க வீடியோல பாக்கறாங்கமா. சேலைய தறிலயே பாத்தாத்தான் கைத்தறின்னு நம்புவாங்க. புடிச்சிட்டா கல்யாண சேல மொத்தமும் எனக்குத்தான். படம் நின்னு நின்னு வருதுமா."

கலைவாணி கட்டளையைத் தட்டினாள். முதல் வரியில் 'கனெக்டட்'. அதற்குக் கீழே, சிக்னல் ஒன்பது சதவீதம். இந்த வரிகள் வந்து சேர அது போதும், வீடியோவுக்குப் போதாது.

குமரகுரு எட்டிப் பார்த்தார். முதல் வரிக்குக் கீழே படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "அதான் கனெக்டட்னு வருதே. புகார க்ளோஸ் பண்ணு."

"சிக்னல் இல்ல சார். நேர்ல போய்ப் பாக்கணும்."

"பெட்ரோலு உங்கப்பாவா போடுவாரு?" பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். குத்தியதை எங்கள் மேசை ஓரத்தில் தட்டிவிட்டுப் போனார். சீ!

வெள்ளிக்கிழமை படம் உறைந்து நின்றது. சிங்கப்பூர்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு பெரிய கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். சேதி கேட்டதும் கலைவாணி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"பெட்டி எங்கக்கா?"

பொன்னி இடுப்புச் சாவியால் இரும்பு பீரோவைத் திறந்தார். ஜரிகைக் கட்டுகளுக்கு நடுவே, சந்தனம் குங்குமம் வைத்த டேட்டா பெட்டி. நெசவு வீட்டில் விலை உயர்ந்தது எதுவானாலும் அங்கேதான் போகும். வயரை மட்டும் கதவு இடுக்கு வழியாக வெளியே விட்டிருந்தார்.

கலைவாணி அதைத் தறிமேல் வைத்து, மடிக்கணினியில் கட்டளையைத் தட்டினாள். எழுபத்தெட்டு சதவீதம். பொன்னியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து குமரகுரு போன் செய்தார். ஸ்பீக்கரில் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். "பாத்தியா? கஸ்டமர் தப்புன்னு எழுதி க்ளோஸ் பண்ணு."

பொன்னி நிமிர்ந்தார். "இந்தக் குரலுதாம்மா! பெட்டி குடுக்க வந்தப்போ, 'காணாப்போனா நீதான் பொறுப்பு, பீரோல வெச்சிப் பூட்டு'ன்னு சொன்னது இவருதான்."

போனில் குமரகுரு, "அதெல்லாம் எதுக்கு எழுதிக்கினு" என்றார்.

கலைவாணி புகாரில் அதைத்தான் எழுதினாள், அவர் பெயரைப் போட்டு. முதலாளிக்கும் ஒரு நகல் அனுப்பினாள்.

பொன்னி அதையெல்லாம் கவனிக்கவில்லை. முந்தானையால் பெட்டியின் குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். சந்தனத்தையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். வயரைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"எடுத்துக்கினு போங்கமா. இதப் பாக்கவே அருவருப்பா இருக்குது."