டெஸ்டர் அக்கா பயிற்சியாளர் ஆன கதை

எங்கள் தெருவில் என் ஓரகத்தியை எல்லோரும் டெஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற பெண்கள் கொண்டையில் ஊசி செருகினால் இவள் கரண்டு பார்க்கும் டெஸ்டரைச் செருகியிருப்பாள். என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் அவளுக்கு முன்னறை, எனக்குப் பின்னறை, நடுவில் பொது அடுப்படி. அடுப்படி பொதுவாக இருந்தும் நாங்கள் சண்டை போடவில்லை என்றால் அந்தப் பெருமை என்னுடையதல்ல.

டெஸ்டர் அக்கா ஆவதற்கு முன்னால் அவள் ஒரு ஆலையின் கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். விரல் நுனி எப்போதும் ஊறிச் சுருங்கிக் கிடக்கும். அப்போதுதான் தெருக்கோடியில் சும்மா கிடந்த குடோனுக்கு ஒரு சோப்புக் கம்பெனி வெள்ளையடித்து, 'இலவசத் தொழிற்பயிற்சி மையம்' என்று போர்டு மாட்டியது. வசதியில்லாத பெண்களுக்கு வீட்டு வயரிங் கற்றுத் தருவார்களாம். சோப்புக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சோப்புப் போடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கேன்டீன் விடுமுறை நாட்களில் அவள் போய்ப் படித்தாள்.

"கரண்டு கம்பிய விட உன் வாய்தான் ஷாக் அடிக்குது. உனக்கு எதுக்குத் தனியாப் பயிற்சி?" என்று அவள் புருஷன் கேலி செய்தார். அவள் பரண்மேல் கிடந்த மேசை விசிறியை இறக்கிப் பிரித்துப் பூட்டி அவர் முகத்துக்கு நேரே ஓட விட்டாள்.

மையத்தை நடத்தியவரை மேடம் என்போம். வயதில் அக்காவைவிடச் சின்னவர்தான். அக்கா, அக்கா என்று உயிரை விடுவார். பயிற்சி முடிந்த வாரம் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அக்கா, அடுத்த பேட்ச்ல நீங்க பயிற்சியாளர். கம்பெனில பேசிட்டேன்."

"நெஜமாவா மேடம்? அப்போ என் கேன்டீன் வேலை?"

"ரெண்டையும் எப்படிப் பாப்பீங்க? அத விட்ருங்கக்கா."

மறுநாளே விட்டுவிட்டாள்.

அப்புறம் வீட்டில் ஒரே பாடம்தான். நான் மாணவி, அடுப்படிச் சுவர் கரும்பலகை. "சுவிட்ச எப்பவும் கரண்டு வர்ற ஃபேஸ் ஒயர்லதான் போடணும். திரும்பிப் போற நியூட்ரல்ல போட்டா லைட்டு அணையும், ஆனா பல்பு ஹோல்டர்ல கரண்டு நிக்கும். அணைஞ்சிருக்குன்னு நம்பிக் கை வச்சா ஆள் காலி. புரியுதா?" என்பாள். புரியுது டீச்சர் என்று நான் எழுந்து நிற்பேன். "உக்காருடி" என்று சொல்லும்போது அவள் முகத்தில் வரும் வெட்கத்தைப் பார்ப்பதற்காகவே எழுந்து நிற்பேன்.

தெருவில் வீடு வீடாகப் போய் அவள்தான் ஆள் சேர்த்தாள். படித்தவர்கள் முன்னால் உட்காரவே பயந்த பெண்கள், "நான்தான் சொல்லித் தரப்போறேன், வாங்கடி" என்று அவள் சொன்னதும் வந்தார்கள். நானும் பெயர் கொடுத்தேன். சில வீடுகளுக்கு மேடமும் கூடவே வந்தார். அவள் அப்படிச் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் நின்று புன்னகைத்தார். ஒரு வாசலில், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றுகூடச் சொன்னார். இதை மறந்துவிடாதீர்கள்.

வகுப்பு தொடங்கும் நாள். அக்கா புதுத்துணி உடுத்தி, தலையைப் படிய வாரி, எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டாள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெளியூர் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். மேடம் எங்களுக்கெல்லாம் மாணவிகளுக்கான மஞ்சள் கோட்டு கொடுத்துவிட்டு அக்காவிடமும் ஒன்றை நீட்டினார்.

"எனக்கெதுக்கு மேடம் இது? நான் பயிற்சியாளராச்சே."

"ஆமாக்கா. பயிற்சி எடுக்குற எல்லாரும் பயிற்சியாளர்தானே. நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க போல."

சொல்லிக்கொடுப்பவருக்கும் கற்றுக்கொள்பவருக்கும் ஒரே வார்த்தையை வைத்திருப்பது தமிழின் குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். வேலையை விடச் சொன்னது யார்? வாசல் வாசலாக நின்று சிரித்தது யார்? நம்ப வைத்துக் கழுத்தறுப்பதற்கு எந்த மொழியானால் என்ன?

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மேடம் அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"கோச்சுக்காதீங்கக்கா. ஆள் கணக்குல ஒரு தலை குறையுது. அதோட நீங்க உள்ள இருந்தாத்தான் இவங்க ஓடிப் போக மாட்டாங்க. நீங்க எழுந்து போனா இவங்களும் போயிருவாங்க, வகுப்பையே மூடிருவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

"படிச்சதையே திரும்பப் படிக்கணுமா மேடம்?"

"கம்பெனி பெரியவர் இப்ப வந்துருவார். அவர் முன்னாடி மட்டும் கொஞ்சம் தெரியாத மாதிரி இருங்க. முதல்ல தப்பாப் போடுங்க, வாத்தியார் சார் திருத்துவார், அப்புறம் சரியாப் போடுங்க. அவ்ளோதான்."

"வாக்கா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவள் பெஞ்சுகளைப் பார்த்தாள். அவளை நம்பி வந்த பெண்கள் மஞ்சள் கோட்டின் பொத்தானை ஒருவருக்கொருவர் மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொண்டையிலிருந்த டெஸ்டரை உருவிப் பைக்குள் போட்டாள். கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பெரியவர் வந்தார், போட்டோக்காரரும் வந்தார். மேடம் அக்காவைத்தான் முன்னால் கூப்பிட்டார். மரப்பலகையில் ஒரு பல்பு, ஒரு சுவிட்ச், இரண்டு ஒயர். கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியாக முடுக்கும் அந்தக் கை, சுவிட்சை நியூட்ரலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. எந்தத் தப்பைச் செய்தால் ஆள் காலி என்று எனக்குப் பாடம் எடுத்தாளோ அதே தப்பு. வாத்தியார், "அப்படி இல்லம்மா, இப்படி" என்று திருத்தினார். இரண்டாம் முறை சரியாக முடுக்கினாள். பல்பு எரிந்தது. கைத்தட்டல்.

"இன்னிக்குத்தான் சேந்தீங்களா?" என்று பெரியவர் கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

அக்கா மேடத்தைப் பார்த்தாள். மேடம் லேசாகத் தலையாட்டினார்.

"ஆமா சார்."

"பிரமாதம்! ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்களே!"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் மேடத்தைத் திட்டிக்கொண்டு வந்தேன். கேன்டீனில் அக்காவின் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. அங்கேயும் போக முடியாது. வந்ததும் அடுப்படி மூலையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும் நேரம் அடுப்படி விளக்கைப் போட்டேன். எரியவில்லை. தட்டிப் பார்த்தேன், எரியவில்லை. என்ன இருந்தாலும் டெஸ்டரைக் கையில் எடுத்தால் அவள் பழையபடி ஆகிவிடுவாள் என்று ஒரு நப்பாசை எனக்கு.

"அக்கா, லைட்டு எரியல. கொஞ்சம் என்னன்னு பாரேன்."

இருட்டில் அவள் அசையவில்லை.

"எனக்கு என்னடி தெரியும்? நான் இன்னிக்குத்தானே சேந்தேன்" என்றாள்.