கபரோரம் பூத்த கள்ளிமுளையான்

என் மனைவி முஹ்சினா காலேஜில் தாவரவியல் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் மற்றப் புருஷன்மார்களுக்கு ஜவுளிக்கடைத் தொல்லை, பூட்டுக்கடைக்காரனான எனக்கு வேலியோரத் தொல்லை. சித்தையன்கோட்டைப் பக்கம் முள்வேலிகளை அழித்துக் கம்பிவேலி போட்டபிறகு எருமைக்கள்ளிமுளையான் என்றொரு செடி காணாமல் போய்விட்டதாம். விதையெடுத்துக் கன்று வளர்த்து அங்கேயே மறுபடி நடவேண்டும் என்று மூன்று வருஷம் என்னை பைக்கில் அலையவிட்டாள். ஒரு செடிகூடக் கண்ணில் படவில்லை.

போன மாதம் எங்கள் தெரு பிரியாணிக்கடை அப்துல் ஜப்பார் பாய் மௌத்தானார். அடக்கம் செய்து இருபது நாள் கழித்து, அவர் கபரிலிருந்து பிணவாடை வருவதாகப் பேச்சுக் கிளம்பியது. குழியை ஆழமாகத்தான் தோண்டியிருந்தார்கள். "என்ன பாவம் செஞ்சாரோ" என்று ஊர்வாய் அவல் மென்றது. அவர் மனைவி குர்ஷித் பேகம் மாமி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதையே விட்டுவிட்டார்.

எங்களில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. அதனால் முஹ்சினா என்னைக் குடைந்தாள். "வெயில் ஏற ஏற வாடை கூடுதா? ஈ மொய்க்குதா? போய் போட்டோ எடுத்துட்டு வாங்க."

எடுத்துவந்தேன். கபரின் தலைமாட்டுப் புதருக்குள் நாலு பட்டையாகச் சதைத்தண்டு, அதன் உச்சியில் பந்து மாதிரி கருஞ்சிவப்புப் பூங்கொத்து. போனைப் பிடுங்கிப் பார்த்தவள் கத்தியே விட்டாள்.

"இதாங்க அது! அழுகுன கறி மாதிரி நாறும். அப்பத்தான் ஈ வரும், காய் பிடிக்கும்."

இருந்த செடியும் ஒன்றுதான், கொத்தும் ஒன்றுதான். அன்றைக்கு அவள் சந்தோஷத்துக்கு என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது. சாயங்காலம் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏங்க, அந்தக் கொத்த அறுத்துட்டு வாங்க."

"அப்ப விதை?"

"வாடை பூவோடதுன்னு வாயால சொன்னா யாரு நம்புவா? மாமி மோந்து பாக்கணும். கபர்லயும் வாடை நின்னுபோகணும்ல."

"ஒரு பூ மட்டும் கிள்ளிட்டு..."

"முழுசா அறுங்க." சொல்லிவிட்டுப் போனிலிருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அது பூக்க ஒரு வருஷம் ஆகும். அதுவரை செடி பிழைத்துக் கிடக்கும் என்று யார் சொல்ல முடியும்? கத்தியை வைக்க எனக்கே மனசு வரவில்லை; ஆனாலும் அறுத்தேன்.

கேரிபையில் கொண்டுபோய் மாமியிடம் கொடுத்தோம். முஹ்சினா விவரம் சொன்னாள். மாமி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். மறுபடியும் மோந்தார். சிரிப்பார் என்று நினைத்தோம். பூவை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஊரு பேசுனது கெடக்கட்டும்மா," என்றார். "நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவ, நானும்ல அவரச் சந்தேகப்பட்டுட்டேன்."