படையலில் வைத்த வானொலிப் பெட்டி

அண்ணன் ஜொகூரில், ரெங்கம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். நாங்கள் ஐந்து பேர், அவர் மூத்தவர். அப்பா ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார். அண்ணன் பதினேழு வயதில் தொலைபேசிக் கம்பி பழுதுபார்க்கும் வேலைக்குப் போய், ஓய்வு பெறும்வரை கம்பத்தில் ஏறி இறங்கினார். எங்கள் நால்வரையும் படிக்கவைத்த பிறகுதான் திருமணத்தைப் பற்றி யோசித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தனக்கென்று அவர் செய்துகொண்டது ஒன்றே. வீட்டிலிருந்தே வானொலியில் பிறரோடு பேச உரிமம் தரும் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதினார். அதற்காகக் காப்பிக் குவளையில் கரண்டியால் தட்டி மோர்ஸ் தந்திக் குறிகளைப் பழகினார். "ஏண்டா, சோறு வேணும்னா வாயத் தொறந்து கேளு" என்பார் அப்பா. உரிமம் கிடைத்ததும், கழித்துப் போட்ட பொருள்களைச் சேர்த்து வால்வு வைத்த வானொலி செட் ஒன்றைக் கட்டினார். அதில் உலகத்தோடு பேசினார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மட்டும் சிம்பாங் ரெங்கத்திலிருந்த மலாய் நண்பர் பாக் ஹசானோடு பேசுவார். தோட்டத்தில் எங்களோடு வளர்ந்த பாக் ஹசான் தமிழிலேயே அண்ணனைத் திட்டுவார்.

பழம்பொருள் மோகம் அண்ணனுக்கு அறவே பிடிக்காது. அலங்காரத்துக்கு வைக்க செட்டைக் கேட்டு வந்த காப்பிக்கடைக்காரரிடம், "பொணத்துக்குப் பவுடர் போடற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்" என்றார். கெட்டுப்போன வால்வுக்கு மாற்று தேடி மாதக்கணக்கில் கடிதம் எழுதுவார். செட் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோது என்னிடம் சொன்னார்: "செட்ட ஹசான்கிட்ட குடுத்துரு. ஓடற நிலையில குடு." சரி என்றேன். அண்ணன் இறந்ததும், கருமாதியன்று வந்து எடுத்துக்கொள்ளும்படி பாக் ஹசானிடமும் சொல்லிவிட்டேன். அண்ணனோடு வீட்டில் இருந்த இளைய தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் தம்பி ஜொகூர் பாருவில் இருந்த எனக்குப் போன் செய்தான். "அக்கா, அண்ணனுக்குப் பிடிச்சதெல்லாம் படையல்ல வைக்கிறோம். செட்டையும் வைக்கலாமா?"

"வை" என்றேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் செட்டை படையல் போடும் சின்ன மேசையில் எப்படி வைப்பான் என்று கேட்கவில்லை. செய்தியாளராக முப்பது ஆண்டு பிறரைக் கேள்வி கேட்டவள் நான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். படையலில் மீகோரெங் நூடுல்ஸ், கறிபஃப், ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், நடுவில் செட். டயலின் மேல் சந்தனம், குமிழுக்குக் குங்குமம், சுற்றி மாலை. கண்ணாடிக்குப் பின்னால் தீபாவளிக் கலர் பல்புகள் சிமிட்டின. கனம் குறையட்டும் என்று தம்பி உள்ளிருந்த வால்வுகளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கழற்றி, தெருவில் வந்த பழைய இரும்பு லாரியில் போட்டுவிட்டிருந்தான்.

"அலமாக், எவ்ளோ அழகு! அந்தக் காலத்துச் சாமானே தனிலா" என்றார் ஒரு சித்தி. உறவினர்கள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். அண்ணன் உயிரோடு இருந்தபோது செட்டின் சத்தம் தலைவலி என்றவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். எனக்கு அருவருத்தது. பல்புகளை அணைக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

பாக் ஹசான் செட்டைச் சுற்றி எடுத்துப்போக ஒரு கம்பளியோடு வந்தார். பழக்கத்தில் குமிழைத் திருப்பினார். அது எதிலும் பிடிக்காமல் சுற்றியது. விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்தார்.

"உள்ள இருந்தது எங்க, தம்பி?"

தம்பி சொன்னான். அவர் கம்பளியை மறுபடி மடித்துக்கொண்டார். "வெறும் தகரத்த நான் எங்க வைப்பேன்?" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போனார்.

அண்ணனின் ஆண்டு நினைவு மலருக்கு எழுதிய இதைத் தம்பி படித்துவிட்டான். "போடுங்கக்கா, எல்லாருக்கும் தெரியட்டும்" என்றான். இம்மலரின் அட்டைக்கு அந்தப் பெட்டியின் படம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். அண்ணன் கம்பத்தில் ஏறி நிற்கும் படத்தைப் போட்டிருக்கிறோம்.

ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை அண்ணனை ஏற்றிச்சென்ற பக்கத்து வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பாடை சுமந்த தோட்டத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

ஆண்டு நினைவுக்கு அழைக்கப் பாக் ஹசான் வீட்டுக்கு நேரில் போனேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தப் பெட்டி படையல்ல இருக்குமா?" என்றார்.

"இருக்காது, பாக்."

"அப்ப வர்றேன்."