ஒரே பாயில் உட்கார்ந்த குற்றம்

போன சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு இரண்டு பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் வேதப்புத்தகம், இன்னொருவர் கையில் குடை. கீரனூரில் மழை பெய்து எத்தனையோ மாசம் ஆகிறது. ஆனாலும் குடை இல்லாமல் வெளியே கிளம்பினால் பெரிய மனுஷத்தனத்துக்குக் குறைச்சல் இல்லையா?

குடைக்காரர் மாசிலாமணி. சமஸ்தானத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் கோயில் கமிட்டியில் அவர்தான் எல்லாம். (கிறிஸ்தவர்கள் நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) புத்தகக்காரர் சாமுவேல், ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மாசிலாமணி என்ன சொன்னாலும் தலையாட்டுவது அவர் கமிட்டியில் பார்க்கும் வேலை.

நான் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகிறேன். சாயங்காலம் கம்பவுண்டர் ஞானமுத்து வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் போகிறேன். இரண்டு இடத்திலும் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அந்த வீட்டுக் கூட்டத்தைப் பற்றி விசாரிக்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். விசாரணை என்று அவர்கள் சொல்லவில்லை... 'சும்மா பேசிட்டுப் போகலாம்னு' வந்தார்களாம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர்கள் சும்மா பேசினால் எப்படி இருக்கும் என்று குடியானவர்களைக் கேட்டால் தெரியும்.

முதல் ஆட்சேபம், மணி. மணி அடிக்காமல் கூடுகிற கூட்டத்தை ஆராதனை என்று எப்படிச் சொல்வது? ஞானமுத்து ஆஸ்பத்திரி வேலை முடிந்து சைக்கிளை வாசலில் சாத்தினால் நாங்கள் கூடிவிடுவோம், வேறு மணி தேவைப்படவில்லை என்றேன். மாசிலாமணிக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்தது, பிரசங்கம். குருப்பட்டம் இல்லாதவன் வேதத்தை விளக்கலாமா? போன வாரம் ஒரு வண்டிக்காரர் விளக்கினாராமே? ஆமாம், விளக்கினார். எங்கள் கோயிலில் பிரசங்கம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சாமுவேலின் தாடை மார்பில் சாய்ந்துவிடும். வண்டிக்காரர் பேசும்போது யாரும் தூங்கவில்லை, அதுதான் வித்தியாசம் என்றேன். சாமுவேல் பழக்க தோஷத்தில் இதற்கும் தலையாட்டிவிட்டார்.

பிறகு அங்கி இல்லை, பீடம் இல்லை, பெண்பிள்ளைகள் வாய்விட்டு ஜெபம் பண்ணுகிறார்கள்... வரிசையாக வந்துகொண்டே இருந்தது. இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் காலத்தில் எல்லாரும் வீடுகளில்தானே கூடினார்கள் என்று மெதுவாக எடுத்துவிட்டேன். சாமுவேல் புத்தகத்தைத் திறந்து தேட ஆரம்பித்தார். மாசிலாமணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவங்களுக்குக் கோயில் கட்ட வசதி இல்லைங்க. நமக்கென்ன கேடு?"

அப்போஸ்தலர்களின் வறுமைக்காக வருத்தப்பட்டுக்கொண்டே, காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.

வீட்டுக் கூட்டத்தில் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஞானமுத்து ஜெபம் பண்ணினால் ஆதாம் ஏவாளில் ஆரம்பித்து இந்த யுத்தம் வரைக்கும் வருவார். யுத்தம் முடிந்தாலும் முடியும், அவர் ஜெபம் முடியாது. கோயிலுக்கு மட்டும் போகிறவர்களைப் பார்த்து 'பாவம், வெளிச்சம் கிடைக்கவில்லை' என்று பெருமூச்சு விடுகிற ஆசாமிகளும் அங்கே உண்டு. இதையெல்லாம் மாசிலாமணி கேட்டிருந்தால் நானே சாட்சி சொல்லியிருப்பேன். அவர் கேட்டது வேறு.

கருப்பட்டிக் காப்பி வந்தது. குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கிட்டு யார் யார் எங்க உக்காருறாங்க?" என்றார்.

விஷயம் இப்போதுதான் வெளியே வந்தது. மணி, அங்கி, பீடம் எல்லாம் இதற்குப் பாதை போட்டவைதான்.

எங்கள் கோயிலில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். முன்னால் பெஞ்சுகள், அவை மாசிலாமணி வகையறாவுக்கு. தெற்குக் கதவோரம் வெறும் தரை, அது சேரி ஜனங்களுக்கு. எல்லாரும் ஒரு வாய் குடிக்கிற நற்கருணைக் கிண்ணமும் பெஞ்சில் தொடங்கித் தரையில்தான் முடியும். பரலோகத்தில் எல்லாரும் ஒன்று என்று பிரசங்கம் கேட்டுவிட்டு, இவர்கள் இந்தக் கதவு வழியாகவும் அவர்கள் அந்தக் கதவு வழியாகவும் வீட்டுக்குப் போவோம்.

ஞானமுத்து வீட்டில் பெஞ்சு கிடையாது. ஒரு பெரிய கோரைப்பாய்தான் உண்டு. அந்தக் கூட்டம் ஆரம்பித்ததே ஒரு திட்டத்தில் அல்ல. அவர் மனைவி கால் எலும்பு முறிந்து படுத்திருந்தபோது, ஆஸ்பத்திரி ஆயா சாராள் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். சாராள் சேரிக்காரி. அப்புறம் அக்கம்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள், பாயில் இடம் இருக்கிற பக்கம் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் கூட்டம் நிற்கவில்லை.

ஒரே பாய்தான் என்று சொன்னேன். மாசிலாமணி குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, தான் கொண்டுவந்த நிபந்தனையைச் சொன்னார்.

ஞானமுத்துவின் மகள் எஸ்தருக்குத் திருச்சியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. ரயில்வேயில் வேலை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரை அறிவிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்போம். இரண்டு ஊர்க் கோயிலிலும் ஓலை வாசித்தால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் எங்கள் கோயிலில் முதல் ஓலை.

"கூட்டத்தை நிறுத்தச் சொல்லலைங்க. தாராளமா நடத்தட்டும். பாயை மட்டும் ரெண்டாப் போடட்டும். ஓலை தானா வாசிக்கப்படும்."

கவனித்தீர்களா? மணி வேண்டாம். அங்கி வேண்டாம். வண்டிக்காரர் பிரசங்கம் பண்ணலாம், பெண்பிள்ளைகள் கத்தி ஜெபிக்கலாம். இத்தனை உபதேசக் கோளாறும் இன்னொரு பாய் வாங்கினால் சரியாகிவிடும். எனக்கு வந்த கோபத்தில் காப்பி டம்ளர்களை நானே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறதே. சொல்லாமல் இருக்க முடியுமா? இருட்டுவதற்குள் ஞானமுத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் முகம் செத்துவிட்டது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் முடிகிற வரைக்கும் வேண்டுமானால் ரெண்டு பாயாகப் போடலாமா என்று கேட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவர்.

எஸ்தர் அடுப்படியிலிருந்து வந்து நிலையருகே நின்றாள்.

"போடுங்கப்பா. ஆனா சாராள் அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். இன்னைக்கு அங்க உக்காருங்க, கல்யாணம் முடிஞ்சப்பறம் இங்கிட்டு வாங்கன்னு. என்னால முடியாது."

ஞானமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போதகரைப் பார்க்கப் போனார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். எங்கள் ஐயர் பயந்த சுபாவம். மாசிலாமணி இருமினால்கூடப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்கிறவர். ஞானமுத்து சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காலையில் கோயிலுக்கு வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று புரியாமல் அந்தக் குடும்பம் இரவு சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாசிலாமணி முதல் பெஞ்சில். சாராள் தெற்குக் கதவோரம் தரையில். எஸ்தர் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் ஐயர் காகிதத்தை எடுத்தார். ஞானமுத்து மகள் எஸ்தர் என்று வாசித்துவிட்டார்.

முதல் பெஞ்சில் சலசலப்பு. ஐயர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓலையோடு வழக்கமாக வாசிக்கிற அடுத்த வரிக்கு வந்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்கிற வரி. எப்போதும் அதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். காத்திருந்தார்.

மாசிலாமணி எழுந்து நின்றார்.

கோயிலே அவர் பக்கம் திரும்பியது. ஞானமுத்துவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஐயர் ரொம்ப மரியாதையாக, "சொல்லுங்க. காரணத்தை எல்லாருக்கும் கேக்குறாப்புல சொல்லணும், அதான் முறை" என்றார்.

மாசிலாமணி வாயைத் திறந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெஞ்சுகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கதவோரத்துத் தரையும் பார்த்துக்கொண்டிருந்தது... அத்தனை பேர், குழந்தைகள் உட்பட. சாராள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, என்ன சொல்லப்போகிறாரோ என்று உண்மையான அக்கறையோடு கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

என் வீட்டில் காப்பி டம்ளருக்கு முன்னால் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை. ரகசியக் குரலில் எத்தனை நியாயமாக இருந்தது. அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியதுதானே பாக்கி?

"ஒண்ணுமில்லைங்க. சன்னலைச் சாத்தலாம்னு எந்திரிச்சேன். வெயில் அடிக்குது" என்றார் மாசிலாமணி.

நடந்து போய்ச் சாத்தினார். அது மேற்குப் பக்கத்து ஜன்னல். காலை எட்டு மணிக்கு மேற்கே வெயில் அடித்த அதிசயத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. சாமுவேல் மட்டும் வெயில்தான் என்று தலையாட்டினார். எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஐயர் அடுத்த பாட்டின் நம்பரைச் சொன்னார்.

ஐயரை வீராதி வீரர் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியே வந்து அவரைப் பாராட்டப் போனேன். புஸ்தகத்தில் இருந்ததைத்தானே வாசித்தேன் என்று பயந்துகொண்டே சொல்லிவிட்டு, வேகமாக வீட்டைப் பார்க்க நடந்தார். பெஞ்சும் தரையும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அதை மாற்றுவதற்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடைக்க வேண்டும்போல.

வாசலில் மாசிலாமணி என்னை ஓரமாக அழைத்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. விஷயம் தெரியாத ஆளிடம் விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு நெனச்சிராதீங்க வாத்தியாரே. இதெல்லாம் சபை நடுவுல வச்சுச் சொல்ற விஷயமா?"

மனிதர் தினமும் விடியற்காலை முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிறவர். சபையில் சொல்ல முடியாததை அங்கே எப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.