ஐயம்பெருமாள் மாப்பிள்ளை விசாரித்தது

பாளையங்கோட்டை ஐயம்பெருமாள் கத்தரிக்காய் வாங்கினாலும் நாலு கடையில் விசாரிப்பார். அப்படிப்பட்டவர் மகள் ப்ரியாவுக்குத் தொண்ணூற்றொன்பதில் வந்து வாய்த்த மாப்பிள்ளை அமெரிக்காவில் இருந்தான். நடராஜ் என்று பெயர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பொருந்தி, ஆவணியில் நிச்சயதாம்பூலம் என்றும் பேசியாகிவிட்டது. பையன் குடிப்பானா, அங்கே வேறு தொடுப்பு உண்டா என்று யாரிடம் கேட்பது? பக்கத்துத் திசையன்விளையில் இருக்கிற மாப்பிள்ளை என்றால் பஸ் ஏறிப் போய் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் தானாக வந்து விழும். நியூஜெர்சி டீக்கடைக்கு எந்த பஸ்?

முருகன்குறிச்சியில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த காஜா முகைதீன்தான் வழி சொன்னார். அமெரிக்கத் தமிழர்கள் கூடிப் பேசுகிற இணையதளம் ஒன்று இருந்தது. வீடு, விசா, சாம்பார்ப்பொடி எல்லாம் அதில்தான் கேட்டுக்கொள்வார்கள். ஐயம்பெருமாள் மாப்பிள்ளையின் முழுப்பெயர், கம்பெனி, ஊர் எல்லாம் போட்டு, பையன் எப்படி என்று கேட்டுவைத்தார். உலகமே படிக்கும் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. டீக்கடையில் காதோடு காதாகக் கேட்பதாகத்தான் நினைப்பு. யாராவது பதில் போட்டால் மெயில் வரும்படி காஜா செய்து கொடுத்தார்.

அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீசில் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டுச் சென்டருக்கு ஓடினார். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தால் ஸ்கூட்டரில் இருந்தபடியே கேட்கீப்பரைத் திட்டினார். லைன் கிடைக்காத நாளில் காஜாவுக்குத் திட்டு.

"அங்கன இப்ப எல்லாரும் தூங்குதாங்க அண்ணாச்சி. பைய வரும்," என்றார் காஜா.

வந்தது. மெயில்மேல் மெயிலாக வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார். பாளையங்கோட்டையில் எந்தத் தெரு, நானும் சமாதானபுரம்தான் என்று ஒருவர் உறவு கொண்டாடினார். இன்னொருவர் வரதட்சணை எவ்வளவு என்று வம்பிழுத்தார். அதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. மாப்பிள்ளையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐயம்பெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பேர் நழுவுகிறார்கள் என்றால் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று மனைவி ராஜராஜேஸ்வரியிடம் புலம்பித் தீர்த்தார்.

அடுத்து வந்த பதிலை நடராஜே போட்டிருந்தான். ஆங்கில எழுத்தில் நம் ஊர்த் தமிழ்.

"நீங்க விசாரிக்குத ஆள் நான்தான் சார். கோவமில்ல, பொண்ணப் பெத்தவங்க கேக்கத்தான் செய்வீங்க. எனக்கும் ஒண்ணு தெரியணும். ப்ரியாவுக்குச் சம்மதமான்னு எங்க வீட்ல கேட்டுக்கிட்டே இருக்கேன், யாரும் சொல்ல மாட்டேங்காங்க. நீங்க கேட்டீங்களா?"

ஐயம்பெருமாளுக்கு முகம் செத்துவிட்டது. பக்கத்தில் நின்ற காஜாவும் படித்துவிட்டாரே என்ற வெட்கம் ஒரு பக்கம். பையன் நல்ல பையன்தான் என்ற நிம்மதி ஒரு பக்கம். ஆனால் ப்ரியாவிடம் அவர் கேட்கவே இல்லை. அதுதான் வழியெல்லாம் குத்திக்கொண்டே வந்தது.

வீட்டில் ப்ரியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"ஏம்மா, ஒனக்கு இந்த மாப்பிள்ளை சம்மதந்தானா?"

ப்ரியா மடித்த சேலையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"இல்லன்னு சொன்னா நிச்சயத்த நிறுத்திருவீங்களாப்பா?"

அடுக்களையிலிருந்து ராஜராஜேஸ்வரி எட்டிப் பார்த்தாள். ஐயம்பெருமாள் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார். ப்ரியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.