ஒற்றையடிப் பாதைக்கு ஒரு பூட்டு

போன திங்கட்கிழமை காலை ஆறரை மணி. மலையேறும் பூட்ஸ், முதுகில் பை, இரண்டு கையிலும் இரண்டு ஊன்றுகோல்... இந்தக் கோலத்தில் நான் தாயில்பட்டி பக்கம் ஒரு கருவேலங்காட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

மலையா? மருந்துக்குக்கூடக் கிடையாது. எங்கள் கரிசல் பூமியில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும்.

எல்லாம் என் பள்ளித் தோழன் தனசேகரனால் வந்த வினை. பட்டாசுக் கம்பெனி முதலாளி. கோடையில் கனடாவுக்கு மகள் வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளை சும்மா இருக்காமல் மாமனாரை ஐந்து நாள் காட்டு நடைக்கு அழைத்துப் போய்விட்டார். அந்தக் காலத்தில் மிருகத்தோல் வியாபாரிகள் மூட்டை சுமந்து போன பாதையாம். பிற்பாடு தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, கூட்டம் கூட்டமாக ஓடியவர்களும் அதே வழியில்தான் ஓடினார்களாம். இப்போது அதற்கு 'ஹெரிடேஜ் ட்ரெயில்' என்று பெயர்.

தெருமுனைக் கடைக்குக் காரில் போகிறவன் இவன்! கூடாரத்தில் படுத்து, பாக்கெட் நூடுல்ஸ் தின்று, கரடிக்குப் பயந்து பையில் மணி கட்டிக்கொண்டு நடந்திருக்கிறான். டிஜிட்டல் கேமராவில் எடுத்த நானூறு போட்டோவை சி.டி.யில் ஏற்றி, சிக்கியவர்களுக்கெல்லாம் காட்டினான். நான் இரண்டு தடவை சிக்கினேன். ஒரு போட்டோவிலும் கரடி இல்லை. எல்லாவற்றிலும் தனசேகரன் இருந்தான்.

அதோடு விட்டானா?

கம்பெனிக்குப் பின்னால் சும்மா கிடந்த தன் நிலத்தில் ஒரு ட்ரெயில் போட்டுவிட்டான். புதிதாக எதையும் வெட்டவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. தெற்கே இருக்கும் சின்ன ஊர்க்காரர்கள் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து நடந்து, தானாக விழுந்த பாதை.

"பளைய பாதைலே! அந்தக் காலத்துல வத்தல் மூட்டை, பருத்திப் பொதி எல்லாம் இந்த வளியாத்தான் விருதுநகருக்குப் போயிருக்கும்."

'போயிருக்கும்' என்பதற்கு ஆதாரம் கேட்டேன். முறைத்தான்.

வழி நெடுக தூரம் எழுதிய மரப்பலகைகள். மொத்த நீளமே ஒன்றரை கிலோமீட்டர்தான். சுற்றிலும் கம்பிவேலி. இரண்டு முனையிலும் இரும்புக் கேட் — பூட்டுடன். பூட்டு எதற்கு?

"பாரம்பரியத்தைப் பாதுகாக்கணும்லே. கண்டவனும் நடந்தா பாதை கெட்டுப்போகும்."

ஜனங்கள் நடந்ததால் உண்டான பாதை, ஜனங்கள் நடந்தால் கெட்டுப்போகுமாம்!

சரி, நடந்தோம். பின்னால் டிரைவர் பிளாஸ்க்கையும் இட்லித் தூக்கையும் சுமந்து வந்தார். கரடிக்குப் பதில் இரண்டு மயில்கள் வந்தன. ஏழு மணிக்குத் தெற்குக் கேட்டை நெருங்கியபோது, வேலிக்கு வெளியே ஒரு பெண்மணி நின்றிருந்தார். பேச்சியம்மாள் — தனசேகரன் கம்பெனியில்தான் வேலை. பக்கத்தில் புத்தகப் பையுடன் பத்தாவது படிக்கும் மகள்.

"முதலாளி, கதவைத் தொறந்துவிடுங்க. சுத்திப் போனா மூணு மைலு. நாலு நாளா இவ பஸ்ஸை விட்டுட்டா. 'பேசாம நானும் உன்கூட வேன்ல ஏறிருதேன்'ங்கா..."

வேன் என்பது பட்டாசுக் கம்பெனி வேன். ஆள் ஏற்ற அது தினமும் அவர்கள் வாசலுக்கே வருகிறது. பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸுக்குத்தான் மூன்று மைல் சுற்ற வேண்டும்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. கையிலிருந்த ஊன்றுகோல்களை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. அவளுக்காக வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. நான் இன்னும் இட்லி சாப்பிட்டிருக்கவில்லை.

தனசேகரன் பாடம் எடுக்க ஆரம்பித்தான். "ஏம்மா, இது சாதாரணப் பாதை இல்ல. கனடாவுல இந்த மாதிரிப் பாதையை எப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்காக தெரியுமா? தோல் யாவாரிக, தங்கம் தேடிப் போனவுக, அம்புட்டுப் பேரும் நடந்தது. அவுகளுக்கு வளி காட்டுனதே, அங்கன காலங்காலமா நடந்துக்கிட்டிருந்த உள்ளூர்ச் சனந்தான்!"

பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டார். கிண்டலெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்.

"அந்தச் சனம் இப்ப எங்கிட்டு நடக்காக முதலாளி?"

தனசேகரன் டிரைவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் மயிலைப் பார்த்தேன். பிறகு பையைத் துழாவிச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான்.

அந்தப் பெண் ஓடினாள். நாங்கள் அரைமணி நேரமாக ஊன்றி ஊன்றி வந்த தூரத்தை, தேய்ந்த செருப்போடு பத்தே நிமிடத்தில் கடந்து, அன்றைக்கு பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

நேற்றுக் காலை மறுபடி அந்தப் பக்கம் போனேன். கேட்டில் புது போர்டு: 'உள்ளூர்வாசிகளுக்குக் காலை 7 முதல் 7.30 வரை சிறப்பு அனுமதி.' நடந்து நடந்து அவர்களே போட்ட பாதையில், அவர்களுக்கு அரைமணி நேரம்! பெரிய மனசுதான். சாயங்காலம் திரும்பி வர? "அது செக்யூரிட்டி பிரச்சினைலே" என்கிறான். சாயங்காலம் மூன்று மைல் சுற்றித்தான் வர வேண்டும்.

அந்தப் பெண் வந்தாள். போர்டைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்கலாமென நின்றிருந்தேன். நின்று படிக்க அவளுக்கு எங்கே நேரம்?